ஊபி மண்டபத்தில் ஐம்பத்தெட்டுக் குள்ளர்கள்

வியாழன், காலை 9.40. மதுரை விமான நிலையம்.

"பெட்டியைத் திறங்கம்மா" என்றார் பாதுகாப்புச் சோதனைக்காரர். எக்ஸ்ரே திரையில் அவருக்குத் தெரிந்தது வரிசை குலையாமல் நிற்கும் ஐம்பத்தெட்டு ஆட்களும் நான்கு பீரங்கிகளும். திறந்து காட்டினேன். ஆள் ஒவ்வொருவரும் என் கட்டைவிரல் உயரம். எல்லோரும் தாடி வைத்த குள்ளர்கள். பீரங்கி ஒன்று தீப்பெட்டி அளவு இருக்கும்.

"பீரங்கியா இது?"

"ஆமா சார். நாலு இருக்கு."

"எந்த ஊரும்மா நீங்க?"

"சிவகாசி."

அவர் பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். மூன்று பேரும் ஒரு பீரங்கியைக் கையில் எடுத்து மோந்து பார்த்தார்கள். பெயிண்ட் வாசனைதான் வந்திருக்கும். "நல்லாத்தான் வரைஞ்சிருக்கீங்க. யாருக்கு, பிள்ளைகளுக்கா?" என்று கேட்டுவிட்டு அனுப்பிவைத்தார்கள். நாற்பத்திரண்டு வயதுப் பெண் பொம்மைப் படையோடு விமானம் ஏறுகிறாள் என்றால் பிள்ளைகளுக்காகத்தான் இருக்க வேண்டும் என்பது உலக வழக்கு. எனக்குத்தான், ரெண்டு நாள் போட்டி இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார்கள்.

போகாதவர்களுக்காக இந்தப் போட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆறடிக்கு நாலடி மேசை. அதன்மேல் அட்டையில் செய்த குன்று, பாழடைந்த வீடு, பாலம். எதிரெதிரே இருவர் தங்கள் படையோடு நிற்பார்கள். எத்தனை அங்குலம் நகரலாம் என்று டேப் வைத்து அளந்து நகர்த்துவார்கள். சுட்டது பட்டதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். படையை அவரவரே வண்ணம் தீட்டியிருக்க வேண்டும். ஒரு பொம்மைக்குக் குறைந்தது மூன்று நிறம், அது நிற்கும் காலடித் தட்டும் பூசியிருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பொம்மையை மேசையிலிருந்து எடுத்துவிடுவார்கள். வெற்றி பெறுபவருக்கு ஒரு பரிசு. அழகான படைக்குத் தனிப் பரிசு. நான் போனது அந்த இரண்டாவதற்கு.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் எனக்கு நிறம் பார்க்கும் வேலை. பதினெட்டு ஆண்டுகளாகப் பார்க்கிறேன். இயந்திரத்திலிருந்து வரும் முதல் தாளை விளக்கடியில் விரித்து, சிவப்பு கூடியிருக்கிறதா, மஞ்சள் குறைந்திருக்கிறதா என்று பார்த்து, சரியென்றால் மூலையில் கையெழுத்துப் போடுவேன். அதன் பிறகுதான் அச்சு வண்டி ஓடும். தப்பான தாள் ஒன்றில்கூட என் கையெழுத்து விழுந்ததில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன். என் குள்ளர்களுக்கும் பட்டாசுப் பெட்டியின் நிறங்களையே கொடுத்தேன்: ரத்தச் சிவப்பு, கிளிப்பச்சை, பொன் ஜரிகை. ஒவ்வொருவன் காலடியிலும் அச்சகத்துக் கழிவுத் தாளைப் பொடியாகக் கிழித்து ஒட்டினேன். தீபாவளி விடிந்த தெரு மாதிரி இருக்கும்.

பத்து ஆண்டுகளாக வரைகிறேன். ஊரில் பார்த்தவர்கள் எல்லோரும் "அடேயப்பா, எவ்வளவு சின்னது" என்றுதான் சொன்னார்கள். சின்னதாக இருப்பதில் என் பங்கு ஒன்றுமில்லை. ஒரு தாடிக்குள் நான் ஏழு நிறம் வைத்திருப்பதை, விஷயம் தெரிந்த ஒரு கண் ஓரடி தூரத்தில் நின்று பார்க்க வேண்டும். அந்த ஆசைக்குத்தான் விமானச் சீட்டு.

வியாழன், இரவு 8.50. சாங்கி, சிங்கப்பூர்.

டாக்சியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். ஓட்டுநர் தமிழர், அறுபதை ஒட்டிய வயது.

"பின்னால போட்டிருக்கலாம்லம்மா. உள்ள என்ன, முட்டையா?"

"படை" என்று மூடியைக் கொஞ்சம் திறந்து காட்டினேன்.

சிக்னலில் நின்றபோது திரும்பிப் பார்த்தார். "எங்கப்பா செம்பவாங்ல கப்பலுக்குப் பெயிண்ட் அடிச்சவரு. முப்பது வருஷம். ஒரே கலரு, சாம்பல். நீங்க என்னம்மா இவ்ளோ கலர் போட்டிருக்கீங்க? எதிரி தூரத்துலயே பாத்துருவான்லா."

"பாக்கணும்னுதாண்ணே போட்டிருக்கு" என்றேன். கேம்பல் லேன் வரை சிரித்துக்கொண்டே வந்தார். இருபத்தேழு வெள்ளி நாற்பது காசு. டாலரை அங்கே வெள்ளி என்கிறார்கள். விடுதி அறை ஒரு நாளைக்கு ஐம்பத்தைந்து வெள்ளி. பெட்டியை வைத்தால் கால் நீட்ட இடமில்லை. ஆனால் சன்னலைத் திறந்தால் பூக்கடை வாசனை வந்தது.

வெள்ளி, பிற்பகல் 2.30. கேம்பல் லேன்.

கடைசிப் பீரங்கிக்காரனை முடித்தது ஊரிலிருந்து புறப்பட்ட அன்று விடியற்காலையில். வார்னிஷ் அடிக்க நேரமில்லை. வார்னிஷ் அடிக்காத பொம்மையை இரண்டு நாள் விரலால் தொட்டு விளையாடினால் மூக்கு, முழங்கை எல்லாம் நிறம் போய்விடும். ஸ்பிரே டப்பாவை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். சிங்கப்பூரில் வாங்கி அங்கேயே அடித்துக்கொள்ளலாம் என்பது என் திட்டம். காலையில் பிராஸ் பாசாவில் ஒரு கலைப்பொருள் கடையில் பளபளப்பில்லாத வார்னிஷ் வாங்கிவிட்டேன். இருபத்தொரு வெள்ளி.

மதியம் மழை கொட்டித் தீர்த்தது. விட்டதும் சசியின் போன். சசியை முன்பின் பார்த்ததில்லை. ஆனால் மூன்று ஆண்டுகளாகக் கேமரா வழியே அவனோடு விளையாடியிருக்கிறேன். பிடோக்கில் வீடு, ஏர்கான் சர்வீஸ் செய்யும் வேலை, முப்பது வயது, பேச்சின் வாலில் சிங்கப்பூர்க்காரர்களின் 'லா'. இந்தப் போட்டிக்கு என்னைக் கூப்பிட்டவனும் அவன்தான்.

"அக்கா, வார்னிஷ் இன்னிக்கு அடிக்காதீங்க லா. மழை இப்பதான் விட்டுச்சு. ஹியூமிடிட்டி தொண்ணூறுக்கு மேல. ஈவ்னிங் நான் வந்து ஏர்கான் போட்ட ரூம்ல அடிச்சுக்கலாம்."

"சரிப்பா" என்று சொல்லி போனை வைத்தேன். பதினெட்டு ஆண்டு அச்சகத்துக்காரிக்கு ஏர்கான் பையன் வார்னிஷ் பாடம் எடுக்கிறான் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் வார்னிஷ் அடித்துத் திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்துவிடும்.

விடுதியின் பின்சந்தில் அட்டையை விரித்தேன். ஐம்பத்தெட்டுப் பேரையும் நான்கு பீரங்கிகளையும் அணிவகுத்து நிறுத்தினேன். டப்பாவைக் குலுக்கி, இடமிருந்து வலமாக ஒரே ஓட்டமாக அடித்தேன். கைநேர்த்தியில் எனக்கே ஒரு திருப்தி. பிறகு ஒரு இஞ்சி டீ குடிக்கப் போனேன். ஒரு வெள்ளி அறுபது காசு.

திரும்பி வந்தபோது என் படை வெளுத்துப் போயிருந்தது.

காற்றில் இருந்த ஈரம் வார்னிஷுக்குள் மாட்டிக்கொண்டு அப்படியே உறைந்துவிட்டது. சிவப்பு இல்லை, பச்சை இல்லை, ஜரிகை இல்லை. திருநீற்றுத் தட்டில் புரட்டி எடுத்த மாதிரி ஐம்பத்தெட்டுப் பேர் நின்றார்கள். விரலால் துடைத்தேன், போகவில்லை. நகத்தால் சுரண்டினேன், அடியில் இருந்த சிவப்பும் சேர்ந்து வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

முதல் தாளைச் சோதிக்காமல் வண்டியை ஓட விடாதே என்று எத்தனை பேரை எத்தனை முறை திட்டியிருப்பேன். ஒரே ஒரு குள்ளனை அடித்துப் பார்த்திருந்தால் போதும். அழுகை வந்தது. சந்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண் பார்த்துவிடக்கூடாது என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுநாள் மதியம் ஒரு மணிக்கு நடுவர் பார்க்க வருவார்.

வெள்ளி, மாலை 6.15. தேக்கா.

சசி வேலை உடுப்போடு வேனில் வந்து இறங்கினான். அட்டையைப் பார்த்தான். நான் சொன்னேனே என்று சொல்லவில்லை. அதற்காகவே அவனை மன்னித்தேன். மன்னிக்க வேண்டியது அவன்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

"எண்ணெய் போடலாம்க்கா. வெள்ளையா தெரியறது சின்னச் சின்ன ஓட்டை. எண்ணெய் உள்ள போனா கலர் திரும்பத் தெரியும். நாளைக்கு ஒரு நாள் தாங்கும், அப்புறம் வீட்டுக்குப் போயி சரி பண்ணிக்கலாம். வாங்க, என்ன எண்ணெய் இருக்குன்னு பாப்போம்."

பஃபலோ ரோட்டில் ஒரு மளிகைக் கடை. சசி நல்லெண்ணெயை எடுத்தான். நான் தடுத்தேன். நல்லெண்ணெய் மஞ்சள் ஏற்றிவிடும், என் வெள்ளைத் தாடிகள் பழுத்துவிடும். எனக்கு நிறமே இல்லாத எண்ணெய் வேண்டும். நிறம் விஷயத்தில் எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. தேங்காய் எண்ணெய் புட்டியை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். தண்ணீராகத் தெளிந்திருந்தது. மூன்று வெள்ளி அறுபது காசு.

அறையில் ஆளுக்கொரு தூரிகையோடு உட்கார்ந்தோம். முதல் குள்ளனின் மார்பில் ஒரு சொட்டு வைத்ததும் வெள்ளை விலகிச் சிவப்பு எழுந்து வந்தது. சசி "ஹூ" என்று மூச்சு விட்டான். ஒன்பதரைக்கு முடித்தோம். ஒருவன் மட்டும், மத்தளக்காரன், தாடி இடுக்கில் வெள்ளை போகாமல் அடம்பிடித்தான். மற்றபடி என் படை எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. அறை முழுக்கத் தலைவாரிய வாசனை. அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

சனி, காலை 8.30. ஊபி.

சசி சொன்ன வழி: லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறினால் ரயில் ஊரைச் சுற்றிக்கொண்டு பதினைந்தாவது நிறுத்தத்தில், போட்டி நடக்கும் ஊபிக்குப் போகும். பத்து நிமிடம் நடந்து ஜாலான் புசாரில் ஏறினால் அதே ரயிலில் ஐந்தே நிறுத்தம். நடந்தேன். பெட்டி கனத்தது, ஆனால் படை பளிச்சென்று இருந்ததால் கனம் தெரியவில்லை.

தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடி. கீழே கார்ப் பட்டறைகள். மேலே மண்டபத்தில் இருபது மேசை, நாற்பது பேர். எலும்புக்கூட்டுப் படை, பறக்கும் கப்பல் படை, காளான் படை. எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். சிலது நன்றாகவே இருந்தது. என்னுடையது அதைவிட நன்றாக இருந்தது. பொய்ப் பணிவு எனக்குப் பழக்கமில்லை.

உண்மையாகவே என்னை நிற்க வைத்தது சசியின் படைதான். முதலைத் தலை மனிதர்கள். அவன் கிராஞ்சிப் பக்கம் தொழிலாளர் விடுதிகளுக்கு ஏர்கான் கழுவப் போகும்போது, அங்கே ஓடைக்கரைச் சேற்றை டப்பாவில் எடுத்து வந்து, பசையில் குழைத்துக் காலடித் தட்டு செய்திருக்கிறான். சேறு ஈரமாகவே தெரிந்தது. கேமராவில் மூன்று ஆண்டுகளாகப் பார்த்தும் அது தெரிந்ததில்லை. தொடலாமா என்று கேட்டேன். கேட்காமல் பிறர் பொம்மையைத் தொடுவது அங்கே பெரிய தப்பு.

முதல் ஆட்டம் ஒரு கல்லூரி மாணவியோடு. என் பீரங்கிகள் நான்கும் சுட்டன, பகடை நான்கையும் கைவிட்டது. தோற்றேன். அதைப் பற்றிக் கவலை இல்லை. பதினொரு மணிக்கு இரண்டாவது ஆட்டம் தொடங்கியபோது எனக்குக் குளிர் எடுத்தது. சேலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அங்கே வெளியே வேகும், உள்ளே உறையும். பன்னிரண்டு மணி வாக்கில் என் சிவப்பில் ஏதோ குறைவதாகத் தோன்றியது. விளக்கு சரியில்லை என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டேன். பிறகு சசியைக் கூப்பிட்டேன்.

அவன் குனிந்து பார்த்தான். கூரையில் இருந்த ஏர்கானைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அக்கா, இங்க இருபது டிகிரி வச்சிருக்காங்க."

"அதுக்கு?"

"தேங்காய் எண்ணெய் உறைஞ்சிருச்சு."

சிவகாசியில் தேங்காய் எண்ணெய் உறைவதை மார்கழிக் காலையில் கண்டால் உண்டு. அதுவும் புட்டிக்குள். ஏர்கானையே தொழிலாக வைத்திருப்பவனுக்கும் தோன்றவில்லை, நிறத்தையே தொழிலாக வைத்திருப்பவளுக்கும் தோன்றவில்லை. மடிப்புகளில், தாடிகளில், பீரங்கி வாயில் எல்லாம் மெல்லிய வெண்மூட்டம் படிந்திருந்தது.

"ஏர்கான ஆஃப் பண்ணச் சொல்லட்டா? எனக்குத் தெரிஞ்ச மாடல்தான்."

"நாப்பது பேர் வேர்த்து ஊத்தவா? விடு" என்றேன்.

சனி, பகல் 1.00.

சாப்பாட்டு இடைவேளையில் எல்லாப் படைகளையும் மேசைகளில் அணிவகுத்து வைத்துவிட்டு அவரவர் பக்கத்தில் நிற்க வேண்டும். நடுவர் ஹலீம் மலாய்க்காரர், ஐம்பது வயது இருக்கும், நெற்றியில் பெரிய கண்ணாடி. ஒவ்வொரு படைக்கும் ஓரிரு நிமிடம் எடுத்துக்கொண்டார். என் மேசைக்கு வந்து கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, சரியாக ஓரடி தூரத்தில் குனிந்தார். பத்து ஆண்டுகளாக நான் கனவு கண்ட அதே ஓரடி.

நான்கு பீரங்கிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் கேட்டார், வெடிமருந்துப் புகை இவ்வளவு மெல்லியதாக எப்படி வந்தது, எதனால் செய்தீர்கள் என்று.

புகை என்று நினைத்துவிட்டார். பீரங்கிப் படைக்குப் புகை எவ்வளவு பொருத்தம். அடுத்த மேசையில் சசி தன் முதலைகளைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டான். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். பரிசு என் பெட்டிக்குள் வந்துவிடும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆசை இல்லை என்று சொன்னால் பொய். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் எனக்கு அந்தப் படை கழிந்துபோன அச்சுத் தாள் மாதிரிதான் தெரிந்தது. அதில் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?

"இது புகை இல்லை. தப்பு" என்றேன். என் ஆங்கிலம் அச்சகத்து ஆங்கிலம், நிறமும் அளவும் சொல்லத்தான் உதவும். "மழைக்குப் பிறகு வார்னிஷ். வெள்ளையாகிவிட்டது. தேங்காய் எண்ணெய். இங்கே குளிர். மறுபடி வெள்ளை."

ஹலீம் நிமிர்ந்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். தானும் இரண்டு படைகளை அப்படித் தொலைத்ததாகச் சொன்னார். பிறகு, ஒன்றைத் தொடலாமா என்று கேட்டார். தலையாட்டினேன். கொடிக்காரனை எடுத்து உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டார். ஒரு நிமிடம் இருக்கும். கையைத் திறந்தார்.

உள்ளங்கைச் சூட்டில் எண்ணெய் உருகியிருந்தது. சிவப்பு சிவப்பாக இருந்தது. கொடியின் ஜரிகை மின்னியது. அவர் தாடியைப் பார்த்துக்கொண்டே மெதுவாக எண்ணினார். ஐந்து, ஆறு... ஏழு நிறம் என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

அவர் அடுத்தவனை எடுத்தார். முதல் ஆட்டத்தில் என்னைத் தோற்கடித்த மாணவி வந்து "ஆன்ட்டி, மே ஐ?" என்று கேட்டு ஒருவனைக் கைக்குள் வைத்துக்கொண்டாள். சசி வந்தான். இன்னும் நாலைந்து பேர் கேட்டுக் கேட்டு எடுத்தார்கள். சாப்பாட்டுப் பொட்டலங்களை மறந்துவிட்டு, ஆளுக்கொரு குள்ளனைக் கைக்குள் மூடிக்கொண்டு, திறந்து பார்த்து, அடுத்தவரிடம் காட்டி நின்றார்கள். மேசையில் வைத்த பத்து நிமிடத்தில் மறுபடி மங்கிவிடும். பரவாயில்லை, பார்த்தாகிவிட்டது.

ஞாயிறு, மாலை 5.00.

அழகான படைக்கான பரிசு பறக்கும் கப்பல் படைக்குப் போனது. நியாயமான தீர்ப்பு. மேசைமேல் எப்படி நிற்கிறதோ அப்படித்தான் மதிப்பெண் போட முடியும் என்று ஹலீம் என்னிடம் வந்து சொன்னார். நான் நடுவராக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். ஐந்து ஆட்டத்தில் இரண்டு வென்றேன், மூன்று தோற்றேன்.

போட்டி முடிந்ததும் மனதுக்குப் பிடித்த எதிராளியோடு ஒரு பொம்மையை மாற்றிக்கொள்வது அங்கே வழக்கம். சசிக்கு என் தளபதியை நீட்டினேன். படையிலேயே அவன்தான் சிறந்தவன், மூன்று வாரம் பிடித்தவன்.

"இவரு வேணாம்க்கா. அந்த மத்தளக்காரன் குடுங்க, வெள்ளை போகாதவன்."

"அது கெட்டுப்போனதுப்பா."

"அதான் வேணும். அடுத்த தடவ யாராவது மழையில வார்னிஷ் அடிக்கப் போனா எடுத்துக் காட்டுவேன் லா. சிவகாசிலேருந்து ஒரு எக்ஸ்பர்ட் வந்தாங்கன்னு."

குத்தல்தான். வாங்கிக்கொண்டேன். அவன் தன் முதலைகளில் நல்ல ஒன்றாகப் பார்த்து, சேற்றில் முழங்கால்வரை புதைந்து நிற்கும் காவல்காரனைக் கொடுத்தான். திங்கள் காலை சாங்கியில் சோதனைக்காரர் பெட்டியைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் அனுப்பிவிட்டார். எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது.

சிவகாசி, மூன்று வாரம் கழித்து.

குள்ளர்களின் எண்ணெயைக் கழுவி, இந்த ஊர் வெயிலில் காயவைத்து, மறுபடி வார்னிஷ் அடித்தேன். முதலில் ஒருவனுக்கு மட்டும். சரியாக வந்தது. பிறகுதான் மற்றவர்களுக்கு.

முதலைக்காவல்காரனை அச்சகத்தில் என் விளக்கு மேசையில் வைத்திருக்கிறேன். இன்று காலை பார்த்தால் அவன் காலடிச் சேறு குறுக்கும் நெடுக்கும் வெடித்திருக்கிறது. கிராஞ்சி ஈரத்தை எங்கள் ஊர்க் காற்று மூன்றே வாரத்தில் உறிஞ்சிவிட்டது. சிங்கப்பூர்க் காற்று என் படைக்குச் செய்ததை எங்கள் காற்று அவன் முதலைக்குச் செய்திருக்கிறது. படம் எடுத்து சசிக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டான்.

"அய்யோ, என்னக்கா இது. பசை விட்டு ஒட்டிருங்க. இல்ல, வேற ஒண்ணு பார்சல் போடட்டா?"

"ஒண்ணும் வேணாம். இப்பவும் நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

போனை வைத்துவிட்டு, தாள்களில் கையெழுத்துப் போடும் பேனாவை எடுத்தேன். முதலையைத் தலைகீழாகத் திருப்பி, வெடித்த சேற்றுக்கு அடியில், தட்டின் மூலையில் என் கையெழுத்தைப் போட்டேன்.